நடுங்கும் கையோடும் வாசிக்கலாம்

(வானொலியில் ஒலித்த ஞாயிறு மறையுரை, வாசகர்களின் நலன் கருதி இங்கே அச்சேறுகிறது)

பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
இறைவார்த்தை ஞாயிறு
நெகேமியா 8: 2-4, 5-6, 8-10, லூக்கா 1: 1-4, 4: 14-21



சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ரயில்வேயில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றவர். திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்து போகும்வரை கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்.

"சாமி, எங்கம்மா அடக்கப் பூசையில முதல் வாசகம் நான்தான் வாசிக்கணும்னு அம்மா உயிரோட இருக்கும்போதே சொல்லி வெச்சிருந்தாங்க. புத்தகத்துக்கு முன்னால போய் நின்னேன். நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு. காலு நடுங்குச்சு. ஒரு வார்த்தை வரல. அப்படியே இறங்கி வந்துட்டேன். தம்பி மகதான் வாசிச்சா. பதினோரு மாசம் ஆகுது சாமி, இன்னும் அதை நெனச்சாத் தூக்கம் வரல. எனக்கு விசுவாசம் பத்தலையா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இன்று நாம் பதில் தேடப் போகிறோம். ஏனென்றால் இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. ஒவ்வொரு பங்கிலும் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் தன் முறை வரும்போது விவிலியத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளும், ஊர்க் கூட்டத்தில் நியாயம் பேச எழுந்து பாதியில் உட்கார்ந்துவிடுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். தகுதி இல்லாததால் அல்ல, உடம்பு நடுங்குவதால் இவர்கள் பின்வாங்குகிறார்கள்.

இன்றைய வாசகங்கள் இரண்டிலும் மக்கள் முன்னால் ஒருவர் எழுந்து வாசிக்கிறார். எருசலேமில் இதற்கென்றே செய்த மர மேடைமேல் எஸ்ரா நிற்கிறார். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து நிற்கிறார். சுருளைக் கையில் தருகிறார்கள், அவர் விரித்து வாசிக்கிறார், சுருட்டித் திருப்பிக் கொடுக்கிறார், உட்காருகிறார். அங்கிருந்த எல்லாருடைய கண்களும் அவர்மேலேயே பதிந்திருந்ததாக லூக்கா குறிப்பிடுகிறார். ஒரு கூட்டத்தின் கண்கள் முழுவதும் நம்மேல் பதிவது எப்படி இருக்கும் என்பது, ஒருமுறையாவது வாசக மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நடுக்கம் விசுவாசக் குறைவு அல்ல. ஆண்டவர் மோசேயைப் பார்வோனிடம் அனுப்பியபோது, தனக்குப் பேச்சு வராது, நாக்குத் தடுமாறும் என்று அவர் சாக்குச் சொன்னார். தான் சிறுபிள்ளை, பேசத் தெரியாது என்று எரேமியா பின்வாங்கினார். பவுல் அடிகளார் கொரிந்து நகர மக்களுக்கு எழுதும்போது, தாம் அவர்களிடையே அச்சத்தோடும் நடுக்கத்தோடும் இருந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். இவர்களில் ஒருவரையும் ஆண்டவர் மாற்றிவிடவில்லை. மோசேக்கு அண்ணன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். எரேமியாவின் வாயைத் தொட்டார். நடுங்கிய பவுலைக்கொண்டே கொரிந்தில் ஒரு திருச்சபையை எழுப்பினார்.

குருக்களும் இதற்கு விலக்கல்ல. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி, மறையுரையை எழுதி இரவெல்லாம் மனப்பாடம் செய்தும், மேடையில் நினைவு தப்பித் தடுமாறியதுண்டு. நம் கதையும் அதுதான். முதன்முதலாக வானொலி ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்தபோது நம் முன்னால் ஓர் ஆள்கூட இல்லை. ஓர் ஒலிவாங்கியும் சுவரில் ஒரு சிவப்பு விளக்கும் மட்டுமே. விளக்கு எரிந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பேசியவர் நாம்தானா என்று வீட்டில் கேட்டவர்கள் சந்தேகப்படும் அளவுக்குக் குரல் மாறிப் போயிற்று.

அப்படியானால் அந்த நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் என்ற சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பை அது தயார் செய்கிறது. கைகால் தசைகளுக்கு அதிக இரத்தம் தேவை, ஆகவே இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் போகும் இரத்தம் குறைகிறது, ஆகவே விரல்கள் சில்லிடுகின்றன, அடிவயிறு கலங்குகிறது. உடம்பு சூடேறாமல் இருக்க வியர்க்கிறது. செரிமானத்தை உடம்பு அப்போதைக்கு ஒத்திப்போடுவதால் உமிழ்நீர் குறைந்து வாய் வறள்கிறது. தசைகள் இறுகுவதால் கை நடுங்குகிறது. குரல்வளைத் தசைகளும் இறுகுவதால் குரலும் நடுங்குகிறது.

மலைக்கோட்டையில் நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி உச்சிக்குப் போகிறவருக்கும் இதயம் இப்படித்தான் துடிக்கிறது. வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, கால் நடுங்குகிறது. அவர் அதைக் கண்டு பயப்படுவதில்லை, "படி ஏறினேன், மூச்சு வாங்குது" என்கிறார். வாசக மேடையிலும் ஏறக்குறைய அதே துடிப்புதான். அங்கே நாம் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். "நான் தோற்கப் போகிறேன்" என்று பொருள் சொல்லிக்கொள்கிறோம். அந்த எண்ணம் வந்ததும் பயம் கூடுகிறது, பயம் கூடியதும் துடிப்பு இன்னும் ஏறுகிறது.

2014ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. பேசப்போகும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கிற இதயத்திடம் துடிக்காதே என்று சொன்னால் அது கேட்காது. "நீ எனக்கு உதவி செய்யத்தான் துடிக்கிறாய்" என்று சொல்லலாம். 2003இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பேசுகிறவர் தம் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறாரோ, கேட்பவர்களுக்கு அது அந்த அளவு தெரிவதில்லை என்று காட்டியது. இந்த உண்மையைப் பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொன்னபோது அவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். நம் நெஞ்சுக்குள் மேளம் அடிப்பது நமக்கு மட்டும்தான் கேட்கிறது.

பிறவியிலேயே நா வன்மை இல்லாதவருக்கு இதெல்லாம் உதவுமா என்று கேட்கலாம். காந்தியடிகளின் வாழ்க்கையைப் பாருங்கள். இலண்டனில் சட்டம் படித்த காலத்தில் ஒரு கூட்டத்துக்காக அவர் எழுதி எடுத்துப் போன உரை ஒரு தாளுக்கு மேல் இல்லை. எழுந்தார், கண் மங்கியது, உடம்பு நடுங்கியது, வேறொருவர்தான் அதை வாசித்தார். 1891இல் நாடு திரும்பும் முன் நண்பர்களுக்கு விருந்து வைத்து, நகைச்சுவையாகப் பேச நினைத்து எழுந்து, நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்தார். 1896இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் துயரத்தைச் சொல்லப் பம்பாயில் மேடை ஏறினார். அப்போதும் குரல் நடுங்கியது. அந்த உரையைத் தின்ஷா வாச்சா வாங்கி வாசித்து முடித்தார். இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் பேச்சைக் கேட்கத்தான் பின்னாளில் நம் திருச்சியிலும் மக்கள் திரள் திரளாகக் கூடினார்கள். பெரிய குரல் அவருக்கு எப்போதுமே வாய்க்கவில்லை. இரண்டு முறை அவர் தாளை வேறொருவர் கையில் கொடுத்தாரே தவிர, சொல்லவேண்டிய செய்தியைக் கைவிடவில்லை. கூச்சம் தமக்குச் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது என்றும் அவர் எழுதினார்.

நம் தமிழ் மரபும் இந்த அச்சத்தை அறியும். திருவள்ளுவர் அவை அஞ்சாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். காவிரிக்கு அக்கரையில், அரங்கநாதர் கோயில் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில்தான் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது ஸ்ரீரங்கத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவ்வளவு பெரிய கவிஞர், தம் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடும்போது, பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். அவைக்கு முன் நிற்கும் கூச்சத்தை நம் முன்னோர் மறைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாட வந்ததைப் பாடினார்கள்.

இனி, அந்த ஸ்ரீரங்கத்துச் சகோதரர் கதைக்கு வருவோம். அவருடைய தாயாரின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு ஒரு மாதம் இருந்தது. "அன்னைக்கு நீங்கதான் வாசிக்கிறீங்க" என்றோம். "வேண்டாம் சாமி" என்றார். "ஒரு மாசம் பயிற்சி பண்ணுவோம், அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றோம். அந்த ஒரு மாதத்தில் செய்தவற்றை எல்லாருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறோம்.

முதலாவது, படிப்படியாகப் பழகினோம். பயந்து ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. "ஓடியதால் தப்பித்தாய்" என்று அந்த ஆறுதல் உடம்புக்குப் பாடம் சொல்லிவிடுகிறது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வருகிறது. இதை மாற்ற ஒரே வழி, தாங்கக்கூடிய அளவில் சிறிது சிறிதாக அந்த இடத்தில் நின்று பழகுவதுதான். முதல் வாரம் அவர் வீட்டில், நின்றுகொண்டு, உரத்த குரலில் வாசித்தார். இரண்டாம் வாரம் யாருமில்லாத மாலை நேரத்தில் ஆலயத்தில், அதே மேடையில் வாசித்தார். மூன்றாம் வாரம் மனைவியும் தம்பி மகளும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். நான்காம் வாரம் அன்பியக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் வாசித்தார். ஒவ்வொரு படியிலும் நடுக்கம் வந்தது. ஒவ்வொரு படியிலும், சற்று நேரம் நின்றால் அது தானே தணிவதை அவர் கண்டார். பெரும்பாலும் தொடக்கத்து ஓரிரு நிமிடங்கள்தான் கடினம்.

இரண்டாவது, மூச்சு. இதயத்துக்கு நேராகக் கட்டளையிட நம்மால் முடியாது, மூச்சுக்கு முடியும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தாழ்கிறது. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். தொடக்க மன்றாட்டு நடக்கும்போதே ஐந்தாறு முறை செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வேகவேகமாக ஆழமாக இழுத்தால் தலைசுற்றும், அதைச் செய்யவேண்டாம்.

மூன்றாவது, கையும் காலும். தாளைக் கையில் பிடிக்காதீர்கள். சிறிய நடுக்கத்தையும் தாள் பெரிதாக்கிக் காட்டும். வாசக நூல் மேடையிலேயே இருக்கட்டும். இரு கைகளையும் மேடையின் விளிம்பில் லேசாக வையுங்கள், ஒரு விரல் வரியைத் தொடர்ந்து போகட்டும். கண் மங்கினாலும் இடம் தவறாது. கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றால் மயக்கம் வரலாம், சற்றுத் தளர்த்தி நில்லுங்கள். நடுக்கம் அதிகமாக இருந்தால், போகும் முன் தொடைத் தசைகளை இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு நான்கைந்து முறை செய்யுங்கள்.

நான்காவது, வாயும் வயிறும். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்துகிறோம். தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிப்பதில்லை. இதை அறியாமல் வறண்ட தொண்டையோடு மேடை ஏறுகிறவர்கள் பலர். திருப்பலி தொடங்கும் முன் இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். காலைப் பூசைக்கு வெறும் வயிற்றோடு வராமல், நேரம் இருக்கும்போதே இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பட்டினியும் கையை நடுங்க வைக்கும். வாசிக்கும் நாளில் இரண்டாவது டம்ளர் காபி வேண்டாம். ஏற்கெனவே துடிக்கும் இதயத்தைக் காபி இன்னும் விரட்டும்.

ஐந்தாவது, தயாரிப்பு. ஞாயிறு காலை ஆலயத்துக்கு வந்து பக்கத்தைப் புரட்டுகிறவருக்குப் பயம் வருவது நியாயமே. வாரத் தொடக்கத்திலேயே வாசகத்தை எடுத்து, நாளுக்கு ஒருமுறையாவது வாய்விட்டு வாசியுங்கள். நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சு விடுவது என்று உங்கள் படியில் பென்சிலால் கோடிடுங்கள். கடினமான பெயர்களைப் பலமுறை சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியம் மட்டும் பார்க்காமலே வரும் அளவுக்குப் பழகட்டும், அதைத் தாண்டிவிட்டால் குரல் நிலைக்கு வந்துவிடும். மேடைக்குப் போனதும் உடனே தொடங்காதீர்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கடைசி பெஞ்சை ஒருமுறை நோக்கி, ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த இடைவெளி மக்களுக்கு அமைதியாகவே தெரியும். ஒரு சொல் தவறினால் அந்தச் சொல்லை மட்டும் திருத்திச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேடை நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே என்று சிலர் கேட்கிறார்கள். இதயத் துடிப்பைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை மருத்துவர்கள் சிலருக்குத் தருவது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவற்றில் சில பேராபத்தாக முடியும். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை ஒருபோதும் வாங்கிப் போடாதீர்கள். மேடை ஏறாத நேரத்திலும் படபடப்பு, நெஞ்சுவலி, மயக்கம், ஓயாத கைநடுக்கம் இருந்தால் அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் இப்படி வரும். மருத்துவரைப் பாருங்கள். பயத்தால் படிப்பும் வேலையுமே தடைபடுகிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதுவரை வாசிக்கிறவருக்குச் சொன்னோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் ஒன்று உண்டு. எஸ்ரா மர மேடையில் தனியாக நிற்கவில்லை. வலப்பக்கம் ஆறு பேரும் இடப்பக்கம் ஏழு பேரும் அவருடன் நின்றார்கள். நெகேமியா நூல் அந்தப் பதின்மூன்று பேரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது. திருப்பலியில் வாசிக்கும்போது அந்தப் பகுதி விடப்படுவதால் நாம் அதைக் கேட்பதில்லை. அவர்கள் வாசித்ததாகக் குறிப்பில்லை. வாசிக்கிறவரின் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். அந்தத் துணையும் எழுதிவைக்கத் தகுந்ததாக விவிலியத்துக்குத் தோன்றியிருக்கிறது.

நாம் பக்கத்தில் நிற்கிறோமா, அல்லது சிரிக்கிறோமா? மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை சொல் தடுமாறும்போது எழும் சிரிப்பு, அந்தப் பிள்ளையை நாற்பது ஆண்டுகள் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடும். நன்றாக வாசிக்கிற நான்கு பேரையே ஆண்டு முழுவதும் வாசிக்க வைப்பது எளிது. ஆனால் ஐந்தாமவர் என்றைக்குக் கற்றுக்கொள்வார்? ஒவ்வொரு பங்கிலும் பழகிய வாசகர் ஒருவர் புதியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போய், முதல் நாளில் மேடைக்கு அருகிலேயே உட்காரலாம். முடியாமல் போனால் இவர் தொடர்வார் என்ற நம்பிக்கை இருந்தாலே பாதி நடுக்கம் குறையும்.

அந்த நினைவுத் திருப்பலி நாளில் தம்பி மகள் அப்படித்தான் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து போனார். விளிம்பில் கை வைத்தார். பீடத்திலிருந்து பார்த்த நமக்கு அந்தக் கை நடுங்கியது தெரிந்தது. முதல் வாக்கியத்தில் குரல் ஒருமுறை உடைந்தது. நின்றார், மூச்சு விட்டார், அதே வாக்கியத்தை மறுபடி தொடங்கினார். அதன்பின் கடைசி வரை நிற்கவில்லை.

திருப்பலி முடிந்து வந்து சொன்னார்: "நடுக்கம் போகல சாமி. ஆனா அம்மாவுக்கு வாசிச்சிட்டேன்."

பதினோரு மாதத்துக்குப் பின் அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நாம் நினைக்கிறோம். நடுக்கம் போன பிறகுதான் எழுந்து நிற்பேன் என்று காத்திருந்தால் பலர் சாகும்வரை உட்கார்ந்தே இருப்போம். நடுக்கத்தோடு எழுந்து நிற்பதற்குத்தான் விசுவாசம் தேவைப்படுகிறது. அடுத்த ஞாயிறு வாசகம் வாசிக்க உங்களைக் கேட்டால், தலையைக் குனிந்துகொள்ளும் முன் அந்தச் சகோதரரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசாமல் ஒதுங்கும் பிள்ளை இருந்தால், இன்று இரவு ஜெபத்தில் ஒரு சிறு பகுதியை அதன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாதீர்கள்.

மோசேயின் நாவையும் எரேமியாவின் உதடுகளையும் அறிந்த ஆண்டவரே, உம் வார்த்தையை வாசிக்க எழுகிற ஒவ்வொருவருக்கும் துணை நில்லும். கேட்கிற எங்களுக்குப் பொறுமையைத் தாரும். ஆமென்.